அழகுக்குக் கூலி

உல்லாசப் பயணி என்ற சொல் நம் நாட்டுத் தமிழில் நிலைபெற்றுவிட்டது. ஆனால் பயணம் செய்கின்றவர் எல்லோரையும் நாம் அப்பெயரால் அழைப்பதில்லை. லயத்தை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வேலை தேடிப் போகும் இளைஞனும் பயணிதான். பிள்ளைகளைப் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் செல்லும் தாயும் பயணிதான். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியிலேயே பலரை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மலையேறிய நம் முன்னோரும் பயணிகளே. அவர்கள் பயணத்துக்கு முன்னால் உல்லாசம் என்ற அடைமொழியை எவரும் சேர்த்ததில்லை. அந்த உல்லாசம் யாருடைய கைகளால் ஆக்கப்படுகிறது? அதற்குரிய கூலி யாரைச் சேர்கிறது? உல்லாசத்தை நுகர்பவனுக்கு அதில் பொறுப்பு ஏதும் உண்டா? இக்கேள்விகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலங்கைத் தீவு உலகச் சந்தையில் இரண்டு காட்சிகளாக விற்கப்படுகிறது. ஒன்று கடற்கரை, மற்றொன்று மலைநாடு. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உல்லாசப் பயணச் சபை அமைக்கப்பட்டபின் பெந்தோட்டை மணற்கரையில் விடுதிகள் எழுந்தன. 2009இல் போர் ஓய்ந்தபின் பாசிக்குடாவிலும் எழுந்தன. 2018இல் மட்டும் 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இத்தீவுக்கு வந்து சென்றனர். கடலோரத்தில் சில நாள் வெயில் காய்ந்தவர்களில் பலர், ஓரிரு இரவுகளை மலையில் கழிப்பதற்காகப் புகையிரதத்திலும் மோட்டார் வண்டியிலும் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் ஏறி வருகிறார்கள்.

இவர்களைப் பற்றி இருவகைத் தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. தான் ஈட்டிய பொருளைத் தான் விரும்பியவாறு செலவிடுபவனை யார் கேட்பது என்பது ஒரு தீர்ப்பு. வறியவன் பட்டினி கிடக்கும் உலகில் சுகம் தேடுவதே பாவம் என்பது மற்றது. இரண்டும் சிந்தனைச் சோம்பலில் பிறந்தவை என்று நாம் கருதுகிறோம். முதலாவது, பணம் வந்த வழியையும் போகும் வழியையும் பார்க்க மறுக்கிறது. இரண்டாவது, ஓய்வென்ற மனித உரிமையையே குற்றக் கூண்டில் நிறுத்துகிறது. எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளர்கள் இரத்தம் சிந்தியது எதற்காக? வேலையை வெறுத்தா? இல்லை, வேலைக்கு அப்பாலும் மனிதனுக்கு ஒரு வாழ்வுண்டு என்பதை நிலைநாட்டுவதற்காக. ஆகவே சுகத்தோடு நமக்கு வழக்கில்லை. மெத்தென்ற படுக்கையும் வெந்நீர்க் குளியலும் தம்மளவில் எவருக்கும் தீங்கு செய்வன அல்ல. வழக்கு வேறிடத்தில் இருக்கிறது.

கடற்கரையையும் மலையையும் ஒப்புநோக்கினால் அவ்விடம் புலப்படும். கடலை எவரும் செய்யவில்லை. அலைக்கும் மணலுக்கும் கூலி கேட்டு நிற்பவர் யாருமில்லை. கடற்கரையில் எழும் அறக்கேள்வி பெரும்பாலும் இடம் பற்றியது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், தெற்கில் 100 மீட்டரும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டரும் கரையோரத் தடைவலயம் என அறிவிக்கப்பட்டபோது, மீனவன் வலை உலர்த்திய மண் யாருக்கு உரியது என்ற கேள்வி எழுந்தது. அத்தடை பின்னர் தளர்த்தப்பட்டது. மலைநாட்டிலோ இடத்தைப் பற்றிய கேள்வியோடு இன்னொன்றும் சேர்கிறது. இங்கே விருந்தினர் காணவரும் காட்சியே மனிதக் கைகளால் செய்யப்பட்டது. நாள்தோறும் இன்னமும் செய்யப்படுவது.

இதைச் சற்று விளக்க வேண்டும். தேயிலை இயல்பிலே செடியன்று, மரம். விட்டுவிட்டால் ஆளுயரத்தையும் தாண்டி வளர்ந்து பூத்துக் காய்த்து நிற்கும். அதை இடுப்பளவில் நிறுத்தி, கம்பளம் விரித்தாற்போல் சமனாக்கி வைத்திருப்பது மழையுமன்று, பனியுமன்று. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை அதே நிரைக்குத் திரும்பி வந்து, மட்டக்கம்பை வாது மேல் வைத்து, அதற்கு மேலெழுந்த இரண்டு இலையையும் ஓர் அரும்பையும் கிள்ளியெடுக்கும் பெண்களின் விரல்களே அக்கம்பளத்தை நெய்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துக் கத்தியோடு வரும் ஆண்கள் அதற்கு வடிவம் தருகிறார்கள். கான் வெட்டுபவர்கள் மழைநீருக்கு வழி அமைத்து மண்ணைக் காக்கிறார்கள். இந்த வேலைகள் நின்றுபோன மலைகளை நாம் பார்த்திருக்கிறோம். சில ஆண்டுகளுக்குள் மானாப்புல்லும் கொடியும் மூடி, தேயிலை மரமாகி, காடு திரும்பி வந்துவிடுகிறது. சுற்றுலாக் கையேடுகள் இயற்கையெழில் என்று போற்றும் அந்தப் பசுமை இயற்கையுமன்று, தானே நிலைப்பதுமன்று. வாரந்தோறும் புதுப்பிக்கப்படும் உழைப்பு அது.

அவ்வுழைப்பின் வரலாறும் நீண்டது. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று பாடநூல்கள் கூறுகின்றன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்ததும், மலைச்சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேயிலைக்கு மாறியதும் நாமறிந்தவை. ஆனால் அந்த 19 ஏக்கரிலும் காடழித்தவர் யார், குழி தோண்டியவர் யார், நாற்றுச் சுமந்தவர் யார் என்பதைப் பாடநூல் பெயர்சொல்லிக் கூறுவதில்லை. திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டு வந்தவர்கள், துரையின் பேரேட்டில் எண்ணிக்கையாகவே இடம்பெற்றார்கள்.

இனிக் கூலியைப் பார்ப்போம். பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து மலையேறும் பெண்ணுக்கு அன்றைய சம்பளம் எதைக் கொண்டு கணிக்கப்படுகிறது? கூடையிலுள்ள கொழுந்தைக் கொண்டு. குறித்த நிறை இருந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். பல ஆண்டுப் போராட்டத்தின்பின் 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்டது. அதன் மை உலருமுன்பே 2022இன் பொருளாதார வீழ்ச்சி வந்தது. ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபா என்றிருந்த மதிப்பு 360 ரூபாவை எட்டியது. ஐந்து டொலராயிருந்த நாட்கூலி மூன்று டொலருக்கும் கீழே போயிற்று. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இவை யாவும் கொழுந்தின் நிறைக்குத் தரப்படும் விலை. ஆனால் அவள் ஒவ்வொரு நாளும் இரண்டு பொருள்களை உற்பத்தி செய்கிறாள் என்பதை எந்தச் சம்பளச் சபையும் கணக்கிற் கொண்டதில்லை. ஒன்று கூடைக்குள் விழும் கொழுந்து. மற்றது அவள் நகர்ந்தபின் அவள் முதுகுக்குப் பின்னால் விரிந்து கிடக்கும் அழகு. கொழுந்து நிறுக்கப்படுகிறது. அழகு நிறுவையில் ஏறுவதில்லை.

தேயிலையை மட்டும் விற்ற காலத்தில் இக்கேள்விக்கு இடமில்லாதிருந்திருக்கலாம். இன்று அந்த அழகும் சந்தைக்கு வந்துவிட்டது. மலையில் விடுதி புதிதன்று. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் நுவரெலியா மாளிகை 19ஆம் நூற்றாண்டிலேயே கிராண்ட் ஹோட்டல் ஆயிற்று. எனினும் அண்மைக் காலத்து விடுதி தோட்டத்தின் உள்ளேயே வந்து அமர்ந்துவிட்டது. கண்டப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தொழிற்சாலை 1996இல் சொகுசு விடுதியாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாட்டிய மாடிகள் படுக்கையறைகளாயின. ஹட்டனுக்கு அப்பால் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழவும் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலும் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள், 2005 முதல் 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' என்ற பெயரில் விருந்தினரை ஏற்கின்றன. அங்கே ஓரிரவு தங்குவதற்குரிய கட்டணம் நூற்றுக்கணக்கான டொலர். கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணின் பல மாதச் சம்பளத்துக்குச் சமமானது. ரூபா விழுந்தபோது அக்கட்டணம் விழவில்லை, ஏனெனில் அது டொலரில் பேசப்படுவது. ஒரே மலை, ஒரே மழை, ஆனால் சரிவின் மேலே ஒரு நாணயம், கீழே ஒரு நாணயம்.

அந்தக் கட்டணத்தில் அடங்குபவை எவை? அறையும் உணவும் விடியற்காலையில் படுக்கைக்கே வரும் தேநீரும் மட்டும் அல்ல. அவ்வளவுதான் வேண்டுமெனில் கொழும்பிலேயே தங்கலாம். யன்னலைத் திறந்ததும் கண்ணுக்கு எட்டியவரை விரியும் சரிவுக்காகவே விருந்தினர் அத்தனை தொலைவு வருகிறார். அத்தனை விலையும் கொடுக்கிறார். அவர் வாங்குகின்ற பொருளில் முதன்மையானது அந்தக் காட்சி. அதைச் செய்தவளின் பெயர் பற்றுச்சீட்டில் இல்லை.

இதற்குச் சில மறுப்புகள் கூறப்படும். அவற்றை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது.

விடுதி வேலை தருகிறதே என்பது முதல் மறுப்பு. இதை நாம் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஏனெனில் நம் வகுப்பறைகளிலிருந்து வெளியேறும் பிள்ளைகளில் பலர் அவ்வேலைக்குத்தான் போகிறார்கள். பரிமாறுவதும் சமைப்பதும் இழிந்த தொழில்கள் அல்ல. அட்டைக் கடியிலும் படங்குச் சாக்கிலும் தாய் கழித்த வாழ்விலிருந்து மகன் ஒரு படி ஏறுகிறான் என்றால் நாம் மகிழத்தான் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடுதிப் பற்றுச்சீட்டில் நூற்றுக்குப் பத்து வீதம் சேவைக் கட்டணமாகச் சேர்த்து, அதை ஊழியரிடையே பகிர்வது நம் நாட்டு விடுதித்துறையின் வழமை. கோப்பையைக் கொண்டு வந்து வைத்த மகனுக்கு அதில் பங்குண்டு. அது நியாயமே. கோப்பைக்கு எதிரே விரிந்த மலையைச் செய்து வைத்த தாய்க்குப் பங்கு எங்கே? ஒரு வகை உழைப்புக்குச் சேவை என்று பெயரிட்டுக் கட்டணம் அறவிட முடியுமானால், மற்றொரு வகை உழைப்புக்கும் ஒரு பெயரிட்டு அறவிட முடியாதா? முடியாது என்பதற்குக் கணக்கியலில் காரணம் இல்லை. அதை ஒரு சேவையாக எவரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதே காரணம்.

தோட்டங்களில் அறப்பணிகள் நடக்கின்றனவே என்பது இரண்டாவது மறுப்பு. நடக்கின்றன, நாம் மறுக்கவில்லை. பிள்ளைக்காம்பராவுக்குக் கூரை போட்டவரையும் பாடசாலைக்கு நூல் தந்தவரையும் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் தானமும் கூலியும் வேறு. தானம் கொடுப்பவன் மனத்தைப் பொறுத்தது. அவன் நாளை நிறுத்தலாம். பெறுபவன் கைகூப்பி நிற்க வேண்டும். கூலியோ கேட்டுப் பெறுவது. நிமிர்ந்து நின்று பெறுவது. உழைப்பின் விலைக்குரிய அந்தச் சொல்லையே உழைத்த மனிதனுக்கும் பெயராகச் சூட்டி, கூலி என்று நம்மை இழித்தார்கள். அச்சொல்லை அதன் பழைய மானத்தோடு நாம் மீட்டெடுக்க வேண்டிய காலம் இது.

பணம் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்பது மூன்றாவது மறுப்பு. விருந்தினர் சார்பில் சொல்லப்படுவது. இங்கேதான் நம் மொழியின் பழைய வழக்கு நமக்குத் துணைவருகிறது. விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பது தொன்மையான பொருள். புதிதாய் வந்தவனே விருந்தினன். புதியவனுக்கு வீட்டைத் திறப்பது தமிழர் இல்லறத்தின் தலையாய கடமையாக வைக்கப்பட்டது. அந்த அறத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள்: வருபவன் ஒருவன், வரவேற்பவன் ஒருவன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். வரவேற்பவனின் அடுப்பில் என்ன இருக்கிறது என்பதை வந்தவன் அறிவான். சொகுசு விடுதி விருந்தினன் என்ற பெயரை எடுத்துக்கொண்டு, வரவேற்பவனை மறைத்துவிட்டது. விருந்தினன் சுவைக்கும் தேநீரையும் காணும் மலையையும் ஆக்கித் தந்த உண்மையான இல்லத்தார், சரிவின் கீழே பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் இருக்கிறார்கள். வந்தவனுக்கு அவர்கள் முகம் தெரியாது. தெரிந்தாலும் நிழற்படத்தின் ஒரு மூலையில், கூடையும் சிரிப்புமாகத் தெரிகிறார்கள். மனிதரைக் காட்சியின் ஒரு பகுதியாக்கிவிடுவதே இவ்வுல்லாசத்தின் ஆழமான தீங்கு. பசியைக் காட்டினாலும் மலை அழகாகவே இருக்கும். ஆனால் காட்சிக்குள் நிற்பவளுக்குப் பசிக்கும் என்பது பார்ப்பவனுக்குத் தோன்றாமற் போய்விடும்.

நம் மக்கள் ஏன் வரவேற்பவராக இருக்க முடியவில்லை? வரவேற்க வீடு வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்பாடு, 5,25,000 பேரை அங்கும் 3,00,000 பேரை இங்குமாக, அவர்களைக் கேளாமலே பங்கிட்டது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. நாடற்றிருந்தவர்களுள் எஞ்சியோருக்கு 2003இல்தான் சட்டம் குடியுரிமை தந்தது. இத்தனை மாற்றத்திலும் மாறாதது ஒன்றுண்டு: தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயம் குடியிருப்பவனுக்கு உரியதன்று. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு பெற்றவர்கள் இன்னும் சிலரே. பங்களாவுக்குக் கட்டிய ஆண்டும் குடியிருந்த துரையின் பெயரும் வரலாறாகச் சொல்லப்படுகின்றன. அந்தப் பழைமைக்கே தனி விலையும் உண்டு. அதே காலத்து லயத்துக்குப் பழைமை பெருமையன்று, ஒழுகும் கூரை.

வேறு வழி இல்லையா? உண்டு. அமெரிக்காவின் லூசியானாவில் விட்னி தோட்டம் என்ற பழைய கரும்புப் பண்ணை, 2014இல் அடிமைகளாயிருந்தோரின் வரலாற்றைக் கூறும் அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது. எசமானின் மாளிகை அங்கே நடுநாயகம் அன்று; உழைத்தவர்களின் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தொலைவுக்குப் போவானேன்? கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்து லயமொன்றிலேயே தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகம் இயங்குகிறது. 2023இல், மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தார்கள். அதுவும் ஒரு பயணம், உல்லாசமற்ற பயணம், ஆனால் தன் வழியைத் தானறிந்த பயணம்.

ஆகவே நாம் கூறுவது விடுதிகளை மூடுங்கள் என்பதன்று. 2019இன் குண்டுவெடிப்புகளின் பின்னும் 2020இன் பெருந்தொற்றிலும் விடுதிகள் வெறிச்சோடியபோது, முதலில் வேலையிழந்தவர்கள் நம் பிள்ளைகளே. அதே 2020இல் நாடெங்கும் ஊரடங்கு நிலவியபோதும் கொழுந்து பறிப்பு நிற்கவில்லை என்பதையும் மறக்கவேண்டாம். பார்க்க ஒரு விருந்தினரும் இல்லாத நாளிலும் அந்தப் பெண்கள் மலையை வாரி முடித்து வைத்திருந்தார்கள்.

நாம் கேட்பது மூன்று. முதலாவது, காட்சி விற்கப்படும் தோட்டங்களில் அக்காட்சியைச் செய்பவர்களுக்கு விற்ற பணத்தில் சட்டப்படி ஒரு பங்கு. தானமாக அல்ல, கூலியாக. தொழிற்சங்கங்கள் கொழுந்தின் நிறையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிராமல் இதையும் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது, லயத்து மக்களுக்கு வீடும் காணியும் உறுதிப்பத்திரத்தோடு. தன் வீடு உள்ளவன் தன் இஸ்தோப்பிலே நாற்காலி போட்டு, தான் விரும்பிய விருந்தினரைத் தானே வரவேற்கலாம். துரையின் பங்களா மட்டுமே தங்கத்தக்க இடம் என்ற நிலையும் மாறும். மூன்றாவது விருந்தினரிடம். அவர் வரட்டும், ஓய்வு கொள்ளட்டும். ஆனால் யன்னலைத் திறக்கும்போது இதை யார் செய்தார்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று ஒருமுறையாவது கேட்கட்டும். கேள்வி கேட்கும் விருந்தினர் பெருகினால் விடுதிக்காரர் விடை தேடியாக வேண்டும்.

இறுதியாக ஒன்று. அழகைக் காண்பதற்குக் கண் மட்டும் போதாது. சற்றுத் தொலைவும் ஓய்வும் வேண்டும். நிரைக்குள் நிற்பவளுக்கு அவ்விரண்டும் இல்லை. அவள் கண்முன் இருப்பது மட்டக்கம்பும் அடுத்த வாதும் கூடையின் நிறையும் கங்காணியின் குரலும்தான். உலகம் கடல் கடந்து காணவரும் சரிவை, அதைச் செய்தவள் பார்த்து மகிழ்ந்த பொழுதுகள் மிகச் சில. அவளிடமிருந்து அழகின் விலை மட்டும் எடுக்கப்படவில்லை. அழகைக் காணும் பொழுதும் எடுக்கப்பட்டிருக்கிறது. கூலி நியாயமாகி, வீடு சொந்தமாகி, ஒரு மாலைப்பொழுதில் அவள் தன் வாசலில் அமர்ந்து தான் செய்த மலையைத் தானே ஆறுதலாகப் பார்க்க முடிகின்ற நாள் வரவேண்டும். அன்று பக்கத்தில் வந்து அமரும் விருந்தினரின் ஓய்வும் குற்றமற்ற ஓய்வாகும். அதுவரை அந்த மலையின் ஒவ்வோர் இரவும் தீராத கடனோடுதான் விடியும்.